பேச்சுக் கேட்புத் திறன்: வீட்டிலிருந்து செய்யும் சோதனையையும் ஒலித்தடுப்பு அறைச் சோதனையையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: கேட்பியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். கேட்பியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். ஒலித்தடுப்பு அறை உள்ள மருத்துவமனைக்கு வருவதற்கு இரண்டு பேருந்து மாற வேண்டிய முதியவர்கள் எங்கள் பகுதியில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே பேச்சுக் கேட்புச் சோதனை செய்ய முடியுமா என்பதுதான் என் ஆய்வேட்டின் பொருள். தூய ஒலிச் சோதனையில் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் 'பீப்' ஒலி கேட்கிறதா என்று மட்டுமே பார்க்கிறோம். ஆனால் எங்களிடம் வருபவர்கள் சொல்லும் குறை, "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்பதாக இருக்கிறது. ஆகவே பேச்சைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

முன்னோட்டமாகப் பன்னிரண்டு பேரை இரண்டு முறை சோதித்தேன். முதல் முறை ஒலித்தடுப்பு அறையில், பதிவு செய்யப்பட்ட ஈரசைச் சொற்களைக் கேட்பை அளக்கும் கருவியான ஆடியோமீட்டர் வழியாக ஹெட்போனில் வசதியான ஒலி அளவில் கொடுத்து, அவர்கள் திருப்பிச் சொன்னவற்றில் எத்தனை சரி என்று கணக்கிட்டேன். ஒரு வாரம் கழித்து, அவரவர் வீட்டில் இருக்கும்போது காணொளி அழைப்பில் அதே சொற்களை வேறு வரிசையில் நானே வாசித்தேன். இரண்டு முடிவுகளுக்கும் இடையே தொடர்புக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொருவராகப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. சிலர் வீட்டில் மிகவும் மோசமாகச் செய்திருக்கிறார்கள் என்பது கூடப் புரிகிறது. நான்கு பேர் அறையைவிட வீட்டில் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தொலைவிலிருந்து செய்வதற்குப் பொருத்தமான பேச்சுச் சோதனை எது? "இது அதற்கு ஈடானது" என்று சொல்ல, தொடர்புக் கெழு போதுமா?

பதில்: மாவட்ட மருத்துவமனைக் கேட்பியலாளர்

உங்கள் முன்னோட்டத்தில் மாறியது இடம் மட்டும் அன்று. பதிவுக் குரல் நேரடிக் குரலாயிற்று. ஹெட்போன், திறன்பேசியின் சிறு ஒலிபெருக்கியாயிற்று. அளவுத்திருத்தம் செய்த கருவிக்குப் பதில், பேரப்பிள்ளை ஏற்றி இறக்கிய ஒலி அளவு வந்தது. சொற்கள் இரண்டாம் முறையாகக் காதில் விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் உங்கள் உதடுகளைப் பார்த்தார்கள். அந்த நான்கு பேர் வீட்டில் நன்றாகச் செய்ததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பல ஆண்டுகளாகக் கேட்புக் குறையோடு வாழ்பவர்கள் தம்மை அறியாமலேயே உதட்டசைவைப் படிக்கக் கற்றிருப்பார்கள். 'பல்', 'கல்' என்ற இரண்டையும் காதால் பிரித்தறிய முடியாதவருக்கு, ப சொல்லும்போது உதடு மூடுவது கண்ணால் தெரிந்துவிடும். அறையில் நாம் அந்த உதவியைக் கவனமாக மறைக்கிறோம். காணொளியில் நாமே அதைக் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே, 'தொலைவு' என்றும் 'அறை' என்றும் இரண்டு மூட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு அவற்றை எடைபோடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒரே மென்பொருள், ஒரே பதிவு, ஒரே ஹெட்போன், ஒரே வகை விடையளிப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு பெட்டியை அமைத்து, அதே பெட்டியை ஒருமுறை ஒலித்தடுப்பு அறைக்குள்ளும் ஒருமுறை வீட்டிலும் கொடுத்துப் பாருங்கள். அப்போது வரும் வேறுபாடுதான் இடத்தினால் வந்தது. வழக்கமான அறைச் சோதனையை மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டால், கருவியினாலும் முறையினாலும் வரும் வேறுபாடு தனியாகத் தெரியும்.

அடுத்து, எந்தச் சோதனை என்ற கேள்வி. அமைதியில் பேச்சைக் கொடுத்து, எவ்வளவு குறைந்த ஒலியில் புரிகிறது என்று பார்க்கும் சோதனை, ஒலி அளவு துல்லியமாகத் தெரிந்தால்தான் பொருள்படும். அதற்கு, ஹெட்போனைப் பொருத்தி ஒலியை அளக்க உதவும் செயற்கைக் காதும் ஒலியழுத்த மானியும் வேண்டும். அவற்றை யார் வீட்டுக்கும் அனுப்ப முடியாது. இரைச்சலோடு கலந்த பேச்சைக் கொடுத்து, இரைச்சலைவிடப் பேச்சு எத்தனை டெசிபல் மேலோ கீழோ இருக்கும்போது பாதி புரிகிறது என்று பார்த்தால், நாம் அளப்பது ஒரு விகிதம். ஒலியைக் கூட்டினால் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே கூடும். குறைத்தால் சேர்ந்தே குறையும். இரண்டும் தெளிவாகக் கேட்கும் அளவில் இருக்கும் வரை, திறன்பேசியின் ஒலி அளவு எங்கே இருக்கிறது என்பது முடிவை அதிகம் அசைக்காது.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் விரிஜே பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஸ்மிட்ஸ், காப்டெய்ன், ஹௌட்காஸ்ட் ஆகியோர் இதை நம்பித்தான் சாதாரணத் தொலைபேசியிலேயே சோதனையை அமைத்தார்கள். அழைப்பவர் இரைச்சலுக்கு நடுவே மூன்று இலக்கங்களைக் கேட்டு, அவற்றைத் தொலைபேசியின் பொத்தான்களில் அழுத்துவார். மூன்றும் சரியென்றால் அடுத்த முறை பேச்சு 2 டெசிபல் குறையும்; தவறென்றால் 2 டெசிபல் கூடும். இப்படி 23 மும்மைகள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2003-இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது முதல் நான்கு மாதங்களில் 65,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. 2004-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், அந்நாட்டின் வழக்கமான வாக்கியச் சோதனையோடு ஒப்பிட்டபோது, கேட்புக் குறை உள்ளவர்களை 91 விழுக்காடும் இல்லாதவர்களை 93 விழுக்காடும் சரியாக இனங்கண்டதாகக் காட்டினார்கள். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும் தொலைபேசிக் கம்பியில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 2016-இல் இதே முறை திறன்பேசிச் செயலியாக வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கேட்புச் சோதனைச் செயலியும் இதே வழியில் அமைந்ததுதான்.

ஆனால் இந்த வலிமைக்குள்ளேயே ஒரு குறை இருக்கிறது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ, நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலோ, பேச்சும் இரைச்சலும் ஒரே அளவில் மங்கும், விகிதம் மாறாது. அப்படிப்பட்டவர் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொண்டு நன்றாகவே தேறிவிடுவார். இரு காதுகளுக்கும் ஒரே ஒலி போகும்போது, ஒரு காது மட்டும் கெட்டவரும் நல்ல காதின் துணையால் தேறிவிடுவார். இதைச் சரிசெய்ய, இரைச்சலை இரு காதுகளுக்கும் ஒரே மாதிரி கொடுத்து, இலக்கங்களை மட்டும் ஒரு காதில் மேடும் பள்ளமும் இடம் மாறிய தலைகீழ் அலையாகக் கொடுக்கும் முறையைப் பிரிட்டோரியா பல்கலைக்கழகக் குழுவினர் 2020-இல் வெளியிட்டார்கள். இரு காதுகளும் ஒத்துழைத்தால் மூளைக்குக் கிடைக்கும் ஆதாயம், ஒரு காது பின்தங்கினால் குறைந்துவிடுவதால், இந்த வகைக் குறைகளும் வெளியே தெரிகின்றன. ஹெட்போன் இருந்தால்தான் இது நடக்கும்.

பதில்: ஒலிப் பொறியாளர்

கருவிகளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காணொளி அழைப்பையோ இணையவழி அழைப்பையோ சோதனை ஒலியைக் கொண்டு செல்லும் வழியாகப் பயன்படுத்தவே கூடாது. அந்த மென்பொருள்கள் அனைத்தும் மனிதக் குரலைக் காப்பாற்றி இரைச்சலை அகற்றுவதற்காகவே உருவாக்கப்பட்டவை. நீங்கள் மிகுந்த கவனத்தோடு கலந்து அனுப்பும் இரைச்சலை அவை குப்பையாகக் கருதிக் கழித்துவிடும். மெலிந்த குரலைத் தானாகவே உயர்த்தும். இணைப்பு தளர்ந்தால் மெய்யெழுத்தின் ஒரு துண்டை விழுங்கிவிட்டு எதுவும் நடக்காதது போலத் தொடரும். நீங்கள் வாசித்தது ஒன்று, அவர்கள் கேட்டது வேறொன்று. அது என்னவென்று பிறகு மீட்டெடுக்கவும் வழியில்லை. பேச்சையும் இரைச்சலையும் முன்கூட்டியே கலந்து, சுருக்கப்படாத கோப்புகளாகக் கருவியில் இறக்கி வைத்து, அங்கிருந்தே ஒலிக்கச் செய்யுங்கள். அழைப்பு, வழிகாட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும். கம்பியுள்ள ஹெட்போனே நல்லது. திறன்பேசியில் 'ஒலி மேம்பாடு' என்று எந்தப் பெயரில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

வீட்டுச் சத்தம் பற்றிப் பலரும் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள்; சிலர் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுவதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சோதனை இரைச்சல் காதில் 65 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறியின் சத்தம் ஹெட்போனைக் கடந்து 40 டெசிபலாகக் காதை அடைந்தால், இரண்டும் சேர்ந்த அளவு 65.01 டெசிபல்தான், அதைப் பொருட்படுத்தவே தேவையில்லை. பக்கத்து அறைத் தொலைக்காட்சி 60 டெசிபலாக நுழைந்தால் மொத்தம் 66.2 ஆகிவிடும். 1.2 டெசிபல் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இலக்க மும்மைச் சோதனையில், பாதி புரியும் நிலைக்கு அருகே விகிதம் சற்று மாறினாலே சரியான விடைகளின் விழுக்காடு வெகுவாக மாறும். டச்சுத் தொலைபேசிச் சோதனையில் ஒரு டெசிபலுக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு. அந்தக் கணக்கில், மொத்த விடைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தொலைக்காட்சியால் தவறாகிவிடும். அமைதியில் செய்யும் சோதனைக்கோ 40 டெசிபல் மின்விசிறியே போதும், எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஏனென்றால் நல்ல செவியுள்ளவருக்குப் பேச்சு புரியத் தொடங்குவதே ஏறத்தாழ 20 டெசிபல் ஒலியழுத்தத்தில்தான்.

ஹெட்போன் உண்மையிலேயே காதில் இருக்கிறதா என்று தொலைவிலிருந்து அறிய ஓர் எளிய வழி உண்டு. 2017-இல் வுட்ஸ் முதலியோர் வெளியிட்ட முறையில், 200 ஹெர்ட்ஸ் ஒலி மூன்று முறை வரும். ஒன்று உண்மையில் மெலிந்தது, மற்றொன்று ஒரு காதில் தலைகீழ் அலையாக வருவது. எது மிக மெலிதாக இருந்தது என்று கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில் கேட்டால் தலைகீழ் அலைகள் காற்றிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், கேட்பவர் தவறான விடையைச் சொல்லிவிடுவார். இணையவழி ஆய்வுகளில் இது பரவலாகப் பயன்படுகிறது.

ஆனால் உங்கள் ஆய்வில் இதை விலக்குவதற்கான சல்லடையாக வைக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். இந்த வகைச் சோதனைகள் இரு காதும் நன்றாக உள்ள இளைஞர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. இரு காதுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டிய மற்றொரு வகைச் சோதனையும் உண்டு. அதில் ஒரு காது கெட்டவர் ஹெட்போனைச் சரியாக அணிந்திருந்தும் தோற்றுவிடுவார். "ஹெட்போன் அணியவில்லை" என்று நாம் அவரை வெளியே அனுப்பிவிட்டால், யாரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று ஆய்வைத் தொடங்கினோமோ அவரையே தொலைத்துவிடுகிறோம். ஒரே வகை ஹெட்போனையும் ஒரு சிறு கைக்கணினியையும் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் இந்தச் சிக்கலே எழாது. கொரோனாக் காலத்தில் ஆய்வகங்கள் மூடப்பட்டபோது அமெரிக்க ஒலியியல் கழகத்தினர் தொலைவழிச் சோதனைக்கென ஒரு பணிக்குழு அமைத்தார்கள். பங்கேற்பாளரின் சொந்தக் கருவியா, நாம் அனுப்பும் கருவியா என்பது அன்று எல்லா ஆய்வகங்களும் எதிர்கொண்ட கேள்வி. உங்களுக்குப் பன்னிரண்டோ ஐம்பதோ பேர் என்றால், அனுப்பும் வழியே நல்லது.

பதில்: கேட்கும் கருவி அணிபவர்

நான் ஆய்வாளன் இல்லை; பதினோரு ஆண்டுகளாகக் கேட்கும் கருவி அணிகிறேன். ஒலித்தடுப்பு அறைக் கதவு மூடியதும் ஏற்படும் அந்த அழுத்தமான அமைதியில் நான் வேறெங்கும் வாழ்வதில்லை. அங்கே எனக்கு எண்பது விழுக்காடு வந்த அதே வாரத்தில், சொந்தத் தங்கை வீட்டுத் திருமணத்தில் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் வரும் முடிவு அறை முடிவோடு பொருந்தவில்லை என்றால், வீட்டு முடிவுதான் தவறு என்று முதலிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். அதோடு, எங்களைப் போன்றவர்கள் ஹெட்போன் அணிய வேண்டுமென்றால் கருவியைக் கழற்ற வேண்டும். கருவியோடு எப்படிக் கேட்கிறோம் என்பதையும் யாராவது வீட்டில் வைத்தே அளந்தால் நன்றாயிருக்கும்.

பதில்: புள்ளியியல் ஆசிரியர்

தொடர்புக் கெழு பற்றிய மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். போதாது. வீட்டில் எடுத்த அளவு எல்லாருக்கும் அறை அளவைவிடச் சரியாக 3 டெசிபல் மோசமாக வந்தாலும் கெழு 1 என்றே வரும். அது தொடர்பைச் சொல்கிறது, உடன்பாட்டைச் சொல்லவில்லை. நல்ல செவியுள்ள இளைஞர்களையும் கடுமையான குறையுள்ள முதியவர்களையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தால், எந்த இரண்டு சோதனைகளும் உயர்ந்த கெழுவைக் காட்டும். கூட்டத்தின் பரப்பே அதை உயர்த்திவிடுகிறது.

பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986-இல் லான்செட் இதழில் விளக்கிய முறையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் வேறுபாட்டைக் கண்டு, அதை இரண்டின் சராசரிக்கு எதிராக வரையுங்கள். வேறுபாடுகளின் சராசரி, ஒரு முறை மற்றொன்றைவிட முறையாகக் கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காட்டும். அந்தச் சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தின் (வேறுபாடுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) 1.96 மடங்கு மேலும் கீழும் உள்ள எல்லைகள், ஒரு தனி மனிதரின் வீட்டு முடிவை அவருடைய அறை முடிவுக்குப் பதிலாக வைத்தால் எவ்வளவு பிழை வரலாம் என்பதைக் காட்டும். எத்தனை டெசிபல் வரை பொறுக்கலாம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

இதையும்விட முக்கியமான ஒன்று உங்கள் திட்டத்தில் இல்லை. அறையில் சோதித்தவரை மறுபடியும் அறையிலேயே சோதித்தால் எவ்வளவு மாறும்? அது தெரியாமல் அறைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிது என்றோ சிறிது என்றோ சொல்ல முடியாது. அறைக்கும் அறைக்கும் இடையிலேயே 2 டெசிபல் ஆடுகிற ஒரு சோதனையில், வீட்டில் 2 டெசிபல் ஆடியதற்காக வீட்டைக் குறைசொல்வது நியாயமாகாது. பாதிப்பேருக்கு அறை முதலிலும் பாதிப்பேருக்கு வீடு முதலிலும் வரட்டும். இல்லையென்றால் பழக்கத்தினால் வரும் முன்னேற்றம் முழுவதும் ஒரு பக்கமே சேரும். தொடங்கும் முன் ஒரு பயிற்சிச் சுற்றைக் கொடுத்து, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உதட்டசைவு எனக்குத் தோன்றவே இல்லை. பதிவுகளை மறுபடி பார்த்தேன். அந்த நால்வரில் மூவர் திரைக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பெட்டியை அறையிலும் வீட்டிலும் கொடுப்பது, அறையிலேயே இருமுறை அளப்பது, இரைச்சலில் இலக்க மும்மை என்று திட்டத்தை மாற்றுகிறேன். ஆனால் இலக்கங்களைத் தமிழில் பதிவு செய்ய உட்கார்ந்ததுமே தயக்கம் வந்துவிட்டது. 'ஒன்று, இரண்டு' என்று எழுத்து வழக்கில் பதிவதா, 'ஒண்ணு, ரெண்டு' என்று பதிவதா?

பதில்: மாவட்ட மருத்துவமனைக் கேட்பியலாளர்

பேச்சு வழக்கிலேயே பதியுங்கள் என்பது என் கருத்து. இரைச்சலுக்கு நடுவே 'ஐந்து' என்ற வடிவம் வந்தால், எழுபது வயதுப் பாட்டி தம் காதோடு மட்டுமன்றி அந்த வடிவத்தின் புதுமையோடும் போராட வேண்டியிருக்கும். 'அஞ்சு' அவருக்கு உயிரோடு கலந்தது. வட்டார வேறுபாட்டையும் எண்ணிப் பாருங்கள். தென்மாவட்டங்களில் பலர் ஏழு என்பதை 'ஏளு' என்றே சொல்வார்கள். அவர்களுடைய பகுதியில் சோதிக்கிறீர்கள் என்றால், அவர்களுக்குப் பழகிய உச்சரிப்புள்ள ஒருவரின் குரலாக இருக்கட்டும்.

எல்லா இலக்கங்களும் ஒரே அளவு கடினமாக இருப்பது அவசியம். 'ஒம்பது' மற்றவற்றைவிட நீளமாக ஒலிப்பதால் நீளத்தைக் கொண்டே பிடித்துவிடலாம். டச்சுச் சோதனையிலும் இதே காரணத்தால் ஈரசை இலக்கங்களை விட்டுவிட்டு ஓரசையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நமக்கோ பெரும்பாலானவை ஈரசைதான். ஆகவே ஒம்பதை விட்டுவிடலாம். 'ஒண்ணு', 'மூணு' இரண்டும் முடியும் விதத்தில் ஒன்றுபோல் ஒலிக்கும். 'ஆறு', 'ஏழு' இரண்டும் நெடிலில் தொடங்கி உகரத்தில் முடியும். 'எட்டு' மட்டும் நடுவில் உள்ள அடைப்பினால் இரைச்சலிலும் எடுப்பாகத் தெரியும். எனவே ஒவ்வோர் இலக்கத்தையும் பல விகிதங்களில் நல்ல செவியுள்ளவர்களுக்குக் கொடுத்து, எளிதானவற்றைச் சற்றுத் தணித்து, கடினமானவற்றைச் சற்று உயர்த்திச் சமன்படுத்துங்கள். இரைச்சலை வெளியிலிருந்து எடுக்காமல், அதே குரலின் நீண்டகால அலைப்பட்டைக்கு (எந்த அதிர்வெண்ணில் சராசரியாக எவ்வளவு ஒலி என்ற பங்கீட்டுக்கு)ப் பொருந்துமாறு உருவாக்குங்கள். இந்த வேலையை ஒலித்தடுப்பு அறையில்தான் செய்ய முடியும். தொலைவழிச் சோதனையின் நம்பகத்தன்மை முழுவதும் இதைச் சார்ந்திருப்பதால் அவசரப்படாதீர்கள்.

தொலைபேசி எண்ணை 'நைன் எய்ட் ஃபோர்' என்று ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லிப் பழகிய இளையவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் இலக்கங்களைப் பொத்தானாக மாற்றுவதில் ஒரு கணம் தடங்கல் வரும். ஆகவே பங்கேற்பவர் எந்த மொழியில் எண் சொல்லிப் பழகியவர் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியோடு கேட்பதை அளக்கச் சொன்ன நண்பரின் கோரிக்கை நியாயமானது. அதற்கு ஹெட்போனை விட்டுவிட்டு, பெட்டியில் ஓர் ஒலிபெருக்கியும், அதை வைக்க வேண்டிய தொலைவைக் காட்டும் ஒரு மீட்டர்க் கயிறும் அனுப்பலாம்; ஆனால் அறையின் எதிரொலி முடிவில் நுழையும் என்பதால் அதைத் தனி ஆய்வாக வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுச் சோதனையில் ஒருவருக்கு மோசமான முடிவு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். காதுக்குள் பார்க்காமல், எலும்பு வழிக் கேட்பை அளக்காமல், அது அழுக்கினாலா நரம்பினாலா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் அந்த இரண்டு பேருந்துகளையும் ஏறி வரத்தான் வேண்டும். அவர் வரும் நாளிலேயே அறைச் சோதனையும் மருத்துவர் பார்வையும் சேர்ந்து கிடைக்கும்படி உங்கள் துறையில் இப்போதே பேசி வையுங்கள்.